மறு: 'நியர் மிஸ்' – கலைச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

எல்லோருக்கும் வணக்கம். போர்க்காலக் கப்பல்களைப் பற்றிய நூலில் ஒஹாயோ என்ற எண்ணெய்க்கப்பலின் பணி வரலாறு என் பங்குக்கு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை மெய்ப்புக்குப் போயாகவேண்டும். 1940 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் செஸ்டரில் நீரில் இறக்கியது, டெக்சாஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக ஓடியது, 1942இல் பிரிட்டன் கைக்கு மாறி அந்த ஆகஸ்டிலேயே முற்றுகையில் கிடந்த மத்தியதரைக் கடல் தீவான மால்டாவுக்குப் புறப்பட்டது, இதெல்லாம் எழுதியாயிற்று. மாட்டிக்கொண்டது 'நியர் மிஸ்' என்ற இடத்தில். குண்டு கப்பல்மேல் விழவில்லை, பக்கத்துத் தண்ணீரில் விழுந்து வெடிக்கிறது. நம் செய்தித்தாள் வழக்கப்படி 'மயிரிழையில் தப்பியது' என்று போடலாமென்றால், ஒஹாயோ எங்கே தப்பியது? ஆகஸ்ட் 13 காலையில் இரண்டு பக்கமும் விழுந்த குண்டுகள் அவ்வளவு பெரிய கப்பலைத் தூக்கிப்போட்டு, கொதிகலன் நெருப்பை அணைத்து, எந்திரத்தையே நிறுத்திவிட்டன. இப்போதைக்குத் 'தவறுகுண்டு' என்று வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

– மதுரையிலிருந்து

தம்பி, ஒப்பாததுதான் சரி. வினைத்தொகை என்று நீங்கள் நினைத்து எழுதுவீர்கள், படிப்பவர் 'தவறு' என்பதைப் பெயராக எடுத்துக்கொண்டு 'தவறான குண்டு' என்பார். 'அருகுவெடி' என்று யாரேனும் சொல்லுமுன் அதையும் மறுத்துவிடுகிறேன். அருகுதல் குறைதலும் ஆகும், 'அருகிவரும் பறவையினம்' என்கிறோமே.

என் பரிந்துரை மருங்குவெடி. மருங்கு என்றால் பக்கம், இடை. மருங்குல் என்று இலக்கியத்தில் வருவதும் அதுவே. மருவு என்பதோடு பிறந்த சொல் என்பது என் துணிபு, மருமகனும் அந்த வேரில் வந்தவரே. பழஞ்சொல் என்று தள்ளவேண்டாம், 'சாலையின் இருமருங்கிலும் மரங்கள்' என்று இன்றைக்கும் எல்லாரும் எழுதுகிறோம். ஒஹாயோவின் இருமருங்கிலும்தானே குண்டு விழுந்தது?

இன்னொன்று. எண்ணெய் என்பது எள் + நெய். பாறைக்கடியில் எள் விளையாது. கன்னெய் என்று எழுதுங்கள், கன்னெய்க்கலம் என்று ஆளுங்கள். 'கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து' என்ற குறள் இருக்கும் மொழியில் கப்பலுக்குச் சொல் பஞ்சமா?

– தஞ்சையிலிருந்து

ஐயா, அந்தக் கப்பலில் போன சுமார் 11,500 டன் சரக்கில் மண்ணெண்ணெயும் உண்டு. மண், எள், நெய் மூன்றும் சேர்ந்த சொல், ஒருவரும் உள்ளே எள்ளைத் தேடுவதில்லை. எண்ணெய் இருக்கட்டும். ஆனால் 'எண்ணெய்க்கப்பல்' என்பதைவிட எங்கள் வழக்கில் உள்ள 'தாங்கிக்கப்பல்' துல்லியமானது. இலங்கையில் தொட்டியைத் தாங்கி என்போம், நீர்த்தாங்கி, எண்ணெய்த்தாங்கி எல்லாம் அன்றாடச் சொற்கள். 1942 ஏப்ரல் 9 அன்று எங்கள் கரைக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கியை மூழ்கடித்த ஜப்பானிய விமானங்கள், அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற தாங்கிக்கப்பலையும் மூழ்கடித்தன.

'நியர் மிஸ்'சுக்கு வருகிறேன். இங்கே உள்நாட்டுப் போர்க்காலத்தில் 'ஷெல் கிட்ட விழுந்தது' என்றுதான் நாங்கள் பேசினோம். கிட்ட விழுந்த ஷெல்லில் சுவர் பிளந்து, கிணற்றுக்கட்டு சரிந்து, காது அடைத்துப்போன ஒருவரிடம் 'நல்லவேளை, தவறிவிட்டது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'கிட்டவெடி' என்று போடுங்கள். சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

– மட்டக்களப்பிலிருந்து

கப்பல் எந்திரத் துறையில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். தண்ணீர் காற்றைப் போல அமுங்கிக் கொடுக்காது. நீருக்கடியில் வெடித்தால் அடி அப்படியே உடலின் தகடுகளில் இறங்கும், உள்ளே குழாய், எந்திரப் பீடம், மின்னிணைப்பு எல்லாம் ஆடிப்போகும். ஒஹாயோவையே பாருங்கள். 12ஆம் தேதி இத்தாலிய நீர்மூழ்கி ஆக்சம் விட்ட டார்பிடோ பம்ப் அறையில் 24க்கு 27 அடி ஓட்டை போட்டது, ஒரே வீச்சில் நைஜீரியா, கெய்ரோ என்ற இரண்டு போர்க்கப்பல்களையும் சேர்த்து அடித்தது. அதற்குப் பிறகும் ஒஹாயோ சொந்த எந்திரத்தில் ஓடியது! மறுநாள் அதை நிறுத்தியவை 'படாத' குண்டுகள். ஆகவே சொல்லில் 'தவறு', 'தப்பு' இரண்டும் வரவே கூடாது. 'வெடி' கட்டாயம் வரவேண்டும்.

மருங்குவெடியில் எனக்கு உள்ள தடை இது: 14ஆம் தேதி ஒரு குண்டு பக்கத்தில் விழவில்லை, பின்னால் விழுந்து சுக்கானைப் பிடுங்கிக்கொண்டு போனது. மருங்கு என்றால் பின்புறம் அடங்குமா?

அப்புறம், தூய்மை பற்றி. 1914இல் சென்னை எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்ட எம்டன் கப்பலின் பெயர் 'அவன் பெரிய எம்டன்' என்று ஊர்ப்பேச்சில் ஏறியது எந்தக் குழுவையும் கேட்டு அல்ல. வாயில் நிற்கும் சொல்லே எனக்குப் போதும்.

– சென்னையிலிருந்து

மருங்கில் பின்புறமும் அடங்கும். சூழல் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'கிட்ட' பேச்சுவழக்கு என்ற என் தடை அப்படியே நிற்கிறது.

– தஞ்சையிலிருந்து

ஐயா, கிட்டுதல் அணுகுதல்தானே, அதில் என்ன கொச்சை?

– மட்டக்களப்பிலிருந்து

நாளை காலை அனுப்பவேண்டும், அதனால் இதோடு முடித்துக்கொள்கிறேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் கிட்டவெடி பக்கம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'டார்பிடோவுக்குத் தாக்குப்பிடித்த ஒஹாயோ, 13ஆம் தேதி கிட்டவெடிகளில் நின்றுபோனது. 14ஆம் தேதி இன்னொரு கிட்டவெடியில் சுக்கானும் போனது. பென், பிராம்ஹம் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் இருமருங்கிலும் அணைத்துப் பிடிக்க, 15ஆம் தேதி காலை மால்டாவின் பெருந்துறைமுகத்துக்குள் வந்தது.' நிற்கிறது. 14 சரக்குக் கப்பல்களில் 5 மட்டுமே வந்துசேர்ந்த பயணம் அது. எண்ணெயை இறக்கியபின் இரண்டாகப் பிளந்த அதன் உடலை 1946 செப்டம்பரில் கடலுக்கு இழுத்துப்போய்ச் சுட்டு மூழ்கடித்தார்கள் என்று அத்தியாயம் முடிகிறது. தாங்கிக்கப்பலைத் தமிழ்நாட்டு வாசகர் ராணுவ டாங்கி ஏற்றும் கப்பல் என்று எடுத்துக்கொள்வார் என்பதால் எண்ணெய்க்கப்பல் என்றே விட்டிருக்கிறேன், மட்டக்களப்பு நண்பர் பொறுத்துக்கொள்ளவும்.

– மதுரையிலிருந்து

பொறுத்துக்கொள்ளலாம், அடிக்குறிப்பாவது போடுங்கள்.

– மட்டக்களப்பிலிருந்து

தம்பி, உங்கள் வாக்கியத்திலேயே 'இருமருங்கிலும்' தானாக வந்திருக்கிறது. பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கமாட்டேன், ஆனால் என் வாக்கு மருங்குவெடிக்கே. பின்னிணைப்புச் சொற்பட்டியலில் அதையும் சேருங்கள். கன்னெய்யையும்.

– தஞ்சையிலிருந்து

மருங்குவெடி சேர்த்தாயிற்று, ஐயா. கன்னெய்யை அடுத்த பதிப்பில் பேசுவோம்.

– மதுரையிலிருந்து