கம்போடியாவுக்கு மகளை அனுப்பலாமா?

ஈசூன்வாசி:
மகள் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் சியாம் ரீப் பக்கம் ஒரு கிராமத்துக்கு 12 நாள் தொண்டூழியம் போகணும்ங்கிறா. பத்து நாள் வீடுகள்ல குடிதண்ணியைச் சுத்தம் பண்ற மணல் வடிகட்டி அமைக்கிற வேலை, கடைசி ரெண்டு நாள் அநாதை இல்லத்தில் ஆங்கிலப் பாடம். போய்வந்தவங்க சொல்லுங்க.

கண்ணாடிமணி:
அனுப்பாதீங்க. 2005ல் அங்கே 154 இல்லங்கள், 2010ல் 269. லட்சக்கணக்கானவங்களைப் பலி வாங்கின பொல் பாட் ஆட்சி ஒழிஞ்சு முப்பது வருஷம் கழிச்சு இத்தனை அநாதைகள் எங்கேருந்து வந்தாங்க? நாலில் மூணு பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு யூனிசெஃப் அப்பவே சொல்லிடுச்சு. பார்க்க வர்ற நம்ம காசுதான் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரிக்குது. 2012ல் நானும் போனேன். ஒரு பையன் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே இல்லை. நாங்க கிளம்பும்போது அடுத்த குழுவோட பஸ் வந்தது. முதல்ல இறங்கினவங்க கழுத்தையும் அதே மாதிரி கட்டிக்கிட்டான். இன்னும் மனசு ஆறலை.

மணல்கூடை:
இல்லம் பத்திச் சொன்னது அத்தனையும் சரி. வடிகட்டியையும் அதோட சேர்த்துத் தள்ளாதீங்க. மூணு தடவை போயிருக்கேன். மணலைப் பேசின்ல போட்டு அலசணும். அலசல் குறைஞ்சாலும் கெட்டது, கூடினாலும் கெட்டது. கொஞ்சம் எடுத்து பாட்டில்ல தண்ணியோட குலுக்கி, கலங்கல் தெளியறதைப் பார்த்துத்தான் நிறுத்தணும். முதுகு ஒடியும். அந்த வேலைக்கு ஆள் வேணும்.

கண்ணாடிமணி:
ஆள் அந்த ஊர்லயே இருக்காங்களே! விமான டிக்கெட் காசை அவங்களுக்குக் கூலியாக் கொடுக்கலாம். மணல் மேல உயிர்ப்படலம், அதாவது தண்ணியிலுள்ள கிருமியை அழிக்கிற நுண்ணுயிர் அடுக்கு, பிடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள நீங்க சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியிருப்பீங்க.

மணல்கூடை:
மணலுக்கு மேல 5 செ.மீ. தண்ணி எப்பவும் நிக்கணும், காய்ஞ்சா படலம் செத்துடும். அதை அந்த வீட்டு அம்மாவுக்கு கெமர் மொழியில் சொல்லிக் கொடுத்தது உள்ளூர்ப் பணியாளர்தான். நாங்க கிளம்பின பிறகும் வீடு வீடாப் போனது அவர்தான். டிக்கெட் காசைப் பத்தி நானும் யோசிச்சிருக்கேன். போகாம இருந்திருந்தா ஒரு வெள்ளிகூட அனுப்பியிருக்க மாட்டேன். இப்ப வருஷா வருஷம் அந்தப் பணிக்கு அனுப்புறேன்.

ஈசூன்வாசி:
மகளும் நானும் உட்கார்ந்து படிச்சோம். இல்லத்துக்குப் போறதை விட்டுடலாமான்னு ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிட்டா. பன்னிரண்டு நாளும் மணலே அலசுறேன்ங்கிறா.

கண்ணாடிமணி:
நல்ல பிள்ளை. குழு கிளம்பின மூணாவது வாரம் அந்த வீடுகளுக்கு யார் போவாங்கன்னும் கேட்கச் சொல்லுங்க. ஆள் பேரைச் சொன்னா அனுப்புங்க.