சிப் ஃபஸ்ஸிங்: ஒரே நிரலுக்கு இரண்டு விடைகள் வருகின்றன, கோளாறு எங்கே?

தேடல்மாணவி
வணக்கம். 2023இல் கூகுள் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி ஏஎம்டியின் ஜென் 2 சிப்களில் ஜென்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்த முறை என்னைப் பிடித்துக்கொண்டது. அதே வழியில் சிறிய ஃபஸ்ஸர் (தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பிழை தேடும் நிரல்) ஒன்று எழுதிவருகிறேன். தாறுமாறாக உருவாக்கிய ஒரு நிரலை இருமுறை ஓட்டுகிறேன். முதலில் அப்படியே, அடுத்து, சிப் அடுத்து வருவதை ஊகித்து முன்னே ஓடாதபடி ஒவ்வொரு கட்டளைக்கும் இடையில் எல்ஃபென்ஸ் என்ற வேலிக் கட்டளையைச் செருகி. இரண்டிலும் ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் மதிப்புகளை வைத்திருக்கும் சிறு இடங்கள்) கடைசியில் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லை. ஆர்பிஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் வரும் வேறுபாடு ஒரு நிரலில் 3, இன்னொன்றில் 21, மற்றொன்றில் 48. வேறு சில நிரல்களில் ஈசிஎக்ஸ் மட்டும் மாறுகிறது. ஒருமுறை 2, அடுத்தமுறை 5. நேரம் சொல்லும் ஆர்டிடிஎஸ்சிபி கட்டளை எழுதும் ஈஏஎக்ஸ், ஈடிஎக்ஸ் இரண்டையும் ஒப்பீட்டிலிருந்து விலக்கியிருக்கிறேன். இது சிப்பின் பிழையாக இருக்குமா?

வன்பொருள்வாசி
உங்கள் எண்களைப் பாருங்கள்: 3, 21, 48. எல்லாம் மூன்றால் வகுபடுகின்றன. எல்ஃபென்ஸின் நீளம் 3 பைட். அதைச் செருகச் செருகப் பின்னால் வரும் கட்டளைகளின் முகவரி தள்ளிப்போகிறது. தன் முகவரியை வைத்துக் கணக்கிடும் எந்தக் கட்டளையும், கால் (call) கட்டளையால் முகவரியை அடுக்கில் இட்டு பாப் (pop) கட்டளையால் எடுப்பதும்கூட, வேறு விடைதான் தரும். சிப்பின் மேல் குற்றமில்லை.

வேலி இல்லாத நிரலில் அதே இடங்களில் 3 பைட் நாப் (எதுவும் செய்யாத கட்டளை) ஒன்றை வையுங்கள். இரண்டு நிரல்களும் நினைவகத்தில் ஒரே அமைப்பில் அமர்ந்துவிடும்.

கீழ்நிலைநிரலர்
ஈசிஎக்ஸ் விஷயம் வேறு. ஆர்டிடிஎஸ்சிபி மூன்று ரெஜிஸ்டர்களில் எழுதுகிறது, மூன்றாவது ஈசிஎக்ஸ். லினக்ஸில் அங்கே வருவது சிப்பின் எந்த கோரில் (செயலாக்கப் பகுதியில்) ஓடினீர்கள் என்ற எண். நிரல் 2இலிருந்து 5க்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். டாஸ்க்செட் என்ற லினக்ஸ் கருவி கொண்டு ஒரே கோரில் கட்டிப்போடுங்கள். நேரம், தற்செயல் எண், சிப் அடையாளம் ஆகியவற்றைத் தரும் கட்டளைகளை உருவாக்கும்போதே நீக்கிவிடுவது மேல். பிறகு விலக்குப் பட்டியலே தேவைப்படாது.

இன்னொன்று. நீங்கள் பொது ரெஜிஸ்டர்களை மட்டும் ஒப்பிடுவதாகத் தெரிகிறது. ஜென்பிளீட் அகப்பட்டதே ஒய்எம்எம் என்ற அகலமான ரெஜிஸ்டர்களின் மேல்பாதியில்தான். மேல்பாதியைச் சுழியாக்கும் விஜீரோஅப்பர் கட்டளை ஊகத்தில் ஓடி, அதைச் சிப் திரும்பப் பெறும்போது, வேறொரு நிரலின் தரவு அந்த மேல்பாதியில் வந்து நின்றது. கோர் ஒன்றுக்கு விநாடிக்கு சுமார் 30 கிலோபைட் வரை கசிந்தது. கடவுச்சொல் திருட அது தாராளம். அந்தப் பாதியைப் பார்க்காத ஃபஸ்ஸர் எத்தனை நாள் ஓடினாலும் இப்படிப்பட்ட ஓட்டையைத் தாண்டிப் போய்விடும். தயவுசெய்து இதை முதலில் சேருங்கள்.

தேடல்மாணவி
மிக்க நன்றி, இருவருக்கும். நாப் வைத்ததும் ஆர்பிஎக்ஸ் வேறுபாடுகள் மறைந்தன; கோரைக் கட்டியதும் ஈசிஎக்ஸும் அடங்கியது. அடுத்தது நல்ல நிரலை எப்படித் தேர்ந்தெடுப்பது? மென்பொருள் ஃபஸ்ஸிங்கில் எந்த வரி ஓடியது என்று பார்க்கலாம். சிப்புக்குள் எட்டிப்பார்க்க வழியில்லையே.

வன்பொருள்வாசி
ஓர்மண்டியின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். சிப்பிலேயே உள்ள செயல்திறன் எண்ணிகளை அவர் வழிகாட்டியாக்கினார். தவறான ஊகம், திரும்பப் பெற்ற கட்டளைகள் என்று உள்ளே நடப்பதை அவை எண்ணுகின்றன. புதிய நிகழ்வைத் தூண்டும் நிரலை வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து அடுத்த தலைமுறையை உருவாக்குங்கள். லினக்ஸில் பெர்ஃப் என்ற கருவி வழியாக எண்ணிகளைப் படிக்கலாம்.

கீழ்நிலைநிரலர்
வேறுபாடு ஏதாவது நிலைத்து நின்றால், கட்டளைகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சுருக்குங்கள். அதே மாடல் சிப் உள்ள இன்னொரு கணினியிலும் ஓட்டிப்பாருங்கள். மைக்ரோகோட் (சிப்புக்குள் இயங்கும் உள்நிரல்) பதிப்பைக் குறித்துவையுங்கள். அங்கேயும் வந்தால் நிரலை இங்கே இடாதீர்கள். முதலில் சிப் தயாரிப்பாளரின் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள்.