சேர்வராயன் மலையில் தனியாகப் போய்த் தொலைந்தவர்களைத் தேடிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

அடிவாரம்:

சேர்வராயன் மலையில், அதாவது நம் ஏற்காடு மலையில், ஆள் தேடப் போனவர்கள் இந்தக் குழுவில் கொஞ்சம் பேராவது இருப்பீர்கள். எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சேலம் பக்க அடிவாரத்தில் இருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கமிருந்து தனியாக ஏறிய பையன். பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை. தீயணைப்புத் துறை ஆட்கள், வனக்காவலர்கள், வழி தெரிந்த எங்களைப் போன்ற சிலர் எல்லோரும் ஏறினோம். டிரோன் விட்டார்கள், பிரயோஜனம் இல்லை. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த பாறை ராத்திரியிலும் சூடாகவே காட்டியது, மரங்களுக்கு அடியில் எதுவும் தெரியவில்லை. சரி, அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பாதி மலையில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அதில் நின்று ஆளாளுக்கு அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தோம். எங்களோடு வந்த மலைக்காரப் பெரியவர் ஒருவர், "எல்லாரும் கத்துனா அவன் கத்தறது யாருக்கு கேக்கும் சாமி? செத்த நேரம் சும்மா உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். டார்ச்சையும் அணைத்துவிட்டோம். வாக்கி டாக்கியைக்கூட ஒருத்தர் குறைத்து வைத்தார்.

அப்போதுதான் கேட்டது. வார்த்தை எதுவும் இல்லை. "ஓ..." என்று நீட்டி ஒரே ஒரு தடவை. எல்லோருக்கும் கேட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் பக்கம் என்பதில்தான் தகராறு. வலது பக்கப் பள்ளம் என்றேன் நான். தீயணைப்புத் தம்பி மேலே என்று கை காட்டினார். இன்னொருத்தர் நமக்குப் பின்னால் என்றார். பெரியவர் மட்டும் வாயே திறக்கவில்லை. கடைசியில் பள்ளத்தில் முடிந்தவரை இறங்கி விடியும் மட்டும் தேடினோம்.

பையன் கிடைத்தது குப்பனூர் ரோட்டுக்குக் கொஞ்சம் மேலே. மலையில் அது வேறு பக்கம். கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தான், மற்றபடி நன்றாக இருந்தான். "ராத்திரி நீ கத்தினியா தம்பி?" என்று கேட்டேன். "இல்லண்ணா, தொண்டை கட்டிக்கிச்சு, சத்தமே வரல" என்றான். கத்தியிருந்தாலும் அங்கிருந்து எங்களுக்குக் கேட்டிருக்காது.

அப்படியானால் நாங்கள் கேட்டது யாருடைய குரல்? அன்றைக்கு வேறு யாரும் காணாமல் போனதாகத் தகவல் இல்லை. அவன் கிடைத்ததுமே எல்லோரும் இறங்கிவிட்டோம். அந்தப் பள்ளத்துக்குத் திரும்ப யாரும் போகவில்லை.

நாகலூர்:

நான் தோட்டத்துக்காரன், மேலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் பாட்டி ராத்திரியில் யாராவது கூப்பிட்டால் மூன்று முறை கூப்பிடட்டும், அப்புறம் பதில் கொடு என்பார். அந்தப் பெரியவர் சும்மா இருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு.

பெங்களூரிலிருந்து தனியாக வந்தவர் ஒருவர். காபித் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் புது ஆளுக்குத் திசை தெரியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, கீழே காபிச்செடி. பனி வேறு இறங்கிவிட்டால் பத்தடிக்கு மேல் கண் தெரியாது. நாங்கள் டார்ச்சோடு வரிசையாகப் போனோம், காட்டெருமை நடமாட்டம் இருந்ததால் தகரத்தைத் தட்டிக்கொண்டே. எஸ்டேட் தாண்டினால் காப்புக்காடு. அந்த எல்லையில் உண்ணிச்செடி புதர் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விட்டோம். திரும்பி வரும்போது என் டார்ச் வெளிச்சம் தரையில் விழுந்தது. புதருக்கு அடியில் இரண்டு ஷூ. அதற்குள் கால் இருந்தது.

உயிர் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். குனிந்து பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்க்கிறார்! நாங்கள் முதலில் தாண்டிப் போனபோதும் அங்கேதான் இருந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் தன் போன் வெளிச்சத்தை அணைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், அனுமதி இல்லாமல் காட்டுக்குள் வந்தால் கேஸ் போடுவார்கள், அபராதம் போடுவார்கள் என்று பயமாம். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது, கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நிலைமையிலும் ஒளிந்திருக்கிறார். அந்தக் கண் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அடிவாரம், உங்கள் குரலும் அப்படிப்பட்ட ஒருத்தருடையதாக இருக்கலாம். ஒரு தடவை கத்திவிட்டு, இத்தனை டார்ச்சைப் பார்த்ததும் அடங்கிப் போயிருக்கலாம்.

டேனிஷ்பேட்டை:

குரல் விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. மலையடிவாரம் முழுக்க மயில்கள். ராத்திரி எதையாவது கண்டு மிரண்டால் அது கத்துவது மனுஷன் அலறுவதாகவே கேட்கும். பாறைச் சரிவில் எதிரொலியும் சேர்ந்தால் மூன்று பேருக்கு மூன்று திசையில் கேட்பதில் அதிசயம் என்ன?

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். தனியாகப் போனவரின் போன் அடங்குவதற்கு முன் கடைசியாக எந்த டவரில் இருந்தது என்று பார்த்தார்கள். கீழே, எங்கள் ஊர்ப் பக்கத்து டவர். உடனே, ஆள் மலையை விட்டு இறங்கிவிட்டார், ரயிலேறிப் போயிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ் எல்லாம் விசாரித்தார்கள். மலை மேல் தேடுவது நின்றே போனது.

அவருடைய அண்ணன் எங்கள் டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார். மலையைப் பார்த்துக்கொண்டே, "இங்கிருந்து அந்த விளிம்பு நேரா தெரியுதே. அப்போ அங்கிருந்து இந்த டவரும் தெரியும்தானே?" என்று கேட்டார். கடையில் யாருக்கும் பேச்சு வரவில்லை. விஷயம் அதுதான். மலை விளிம்பில் நிற்பவருக்கு ஏற்காடு டவரை நடுவில் ஒரு கரடு, சின்னக் குன்று, மறைத்துவிடும். கீழே சமவெளியில், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டவர் நேராகக் கிடைக்கும். போன் அதைத்தான் பிடிக்கும். ஆள் மலையை விட்டு இறங்கவே இல்லை. அந்த விளிம்புக்குச் சற்றுக் கீழேதான் இருந்தார். இடுப்பில் அடிபட்டிருந்தது, பிழைத்துக்கொண்டார். படித்தவர்கள் அத்தனை பேர் இருந்த இடத்தில், துணிக்கடையில் வேலை பார்க்கும் அந்த அண்ணனுக்குத்தான் அது தோன்றியது.

நடைப்பிரியன்:

நானும் ஒருமுறை தேடப் போனேன், பகோடா பாயிண்டுக்குக் கீழே. நாங்கள் போவதற்குள் ஆள் தானாகவே ரோட்டுக்கு வந்துவிட்டார்.

ஆனால் மேலே எழுதியதையெல்லாம் படித்தால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில், தனியாகப் போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குவேன், எத்தனை மணிக்குள் போன் வரவில்லை என்றால் தேட வேண்டும் என்று ஒருத்தரிடமாவது எழுதிக் கொடுங்கள். "ஏற்காடு போறேன்" என்று மட்டும் சொன்னால் தேடுபவர் எங்கே என்று தேடுவார்? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவில் சுகமாகப் போய்விடுவதால் அந்த உயரம் நமக்கு உறைப்பதில்லை.

வழி தவறிவிட்டது என்று தெரிந்த இடத்திலேயே உட்காருங்கள். தண்ணீர் ஓடும் பக்கமே இறங்கினால் ஊர் வரும் என்று சொல்வார்கள். நம் மலையில் அது சரிப்படாது. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே போகிறது? கிளியூரில் 300 அடி கீழே விழுகிறது. சின்ன ஓடைகளும் ஏதாவது ஒரு பாறை விளிம்பில் கொண்டு போய் நிறுத்தும். அதற்குமேல் இறங்கவும் முடியாது, வந்த வழியே ஏறவும் முடியாது.

போனில் சார்ஜ் குறைந்தால் வீடியோ எடுப்பதை நிறுத்துங்கள். அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் அவசர எண் 112-க்கு அடித்துப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. விசில் ஒன்று கழுத்தில் இருக்கட்டும், மூன்று மூன்றாக ஊதுங்கள். தொண்டை போனாலும் விசில் போகாது. பச்சை, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள்.

நாகலூர் சொன்னவருக்கு நான் இரக்கப்பட மாட்டேன். 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதியே வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது. பதிவு செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? விதியை மீறிவிட்டுப் புதருக்குள் ஒளிந்துகொண்டால் தேடுபவன் உயிருக்கு யார் பொறுப்பு? காட்டெருமை முட்டியிருந்தால்?

அடிவாரம்:

நடைப்பிரியன், நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் நான் கேட்டது அது இல்லை.

டேனிஷ்பேட்டை, மயில் சத்தம் எனக்குத் தெரியாதா? வீட்டு மாடியிலேயே வந்து நிற்கிறது. மயில் ஒருமுறை கத்தி நிறுத்தாது, திரும்பத் திரும்பக் கத்தும். இது முடியும்போது உடைந்தது. மூச்சு தீர்ந்துபோகும்போது குரல் இறங்குமே, அந்த மாதிரி.

ஒண்டிக்கடை அக்கா:

நான் தேடப் போனவள் இல்லை. தேடப் போனவர்களுக்கு டீயும் உப்புமாவும் போட்டுக் கொடுத்த இடத்தில் இருந்தேன். காணாமல் போன பிள்ளையின் அம்மா வெளியூர்க்காரர். அவரோடு உட்கார ஒரு பெண் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

தேடப் புறப்பட்டவர்கள் அவரிடம் முதலில் கேட்டது, "என்ன கலர் சட்டைம்மா?" அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளை வேறு ஊரில் வேலை பார்க்கிறான், அங்கிருந்து நேராக இங்கே வந்திருக்கிறான். லாட்ஜில் கேட்டால் விடியற்காலையில் போனார், பார்க்கவில்லை என்கிறார்கள். கேமரா வேலை செய்யவில்லை. தனியாகப் போனவனை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அந்த அம்மா லாட்ஜ் அறைக்குப் போனார், நானும் கூடப் போனேன். பையைத் திறந்து ஒவ்வொரு துணியாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். மடித்து மடித்து வைத்தார். எடுக்கும்போதே, இது தீபாவளிக்கு எடுத்தது, இது அவனே வாங்கினது, இது அவங்க அப்பாவோடது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் எடுத்து முடித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "பொங்கலுக்கு எடுத்த ஊதாச் சட்டை இல்ல. அதைத்தான் போட்டிருக்கான், எழுதிக்கோங்க" என்றார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

காபிப் பழம் பறிக்கப் போன பெண்கள் அந்த நிறத்தை வைத்துத்தான் அவனைக் கண்டு சொன்னார்கள். உயிர் இல்லை.

நடைப்பிரியன் தம்பி, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறீர்கள். ஆனால் "இரக்கப்பட மாட்டேன்" என்பதை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உங்களால் சொல்ல முடியாது. விதியைச் சொல்லுங்கள், கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரக்கத்தையும் ஓரத்தில் வைத்திருங்கள்.

நாகலூர்:

அக்கா சொன்னதோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். கேஸ், அபராதம் எல்லாம் ஆள் கிடைத்த பிறகு பேச வேண்டியது. அந்தப் பெங்களூர்க்காரருக்குப் பிறகு எங்கள் ஆட்கள் தேடும்போது பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கேஸ் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கோம்" என்று தமிழிலும் கன்னடத்திலும் சேர்த்துச் சொல்கிறோம். வனக்காவலர்களும் அதற்குத் தடை சொல்லவில்லை. கத்திவிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா நிற்போம். அப்புறம்தான் அடுத்த இடம்.

டேனிஷ்பேட்டை:

அடிவாரம், மயில் இல்லை என்று நீங்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு வேறு யாரும் காணாமல் போகவில்லை என்கிறீர்கள். எங்கே விசாரித்தீர்கள்? சேலத்தில்தானே? அக்கா சொன்ன பிள்ளையைப் பாருங்கள், அம்மா ஓர் ஊர், வேலை ஓர் ஊர். தனியாக வந்தவருடைய புகார் அவர் வீடு இருக்கும் ஊர் ஸ்டேஷனில் இருக்கும். இந்த மலைக்கு வந்தார் என்பதே அந்த வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். சென்னையிலோ ஓசூரிலோ பெங்களூரிலோ அந்தத் தேதியை ஒட்டி ஒரு புகார் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அடிவாரம்:

அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தேதியும் நேரமும் என் போனில் இருக்கிறது, பாறைத் திட்டில் எடுத்த படமும் இருக்கிறது. திங்கட்கிழமை ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறேன். நாகலூர் அண்ணா, பள்ளத்தின் அடி வரைக்கும் வருவதற்கு வழி தெரிந்தவர் யாராவது கிடைப்பார்களா? வனத்துறையில் அனுமதிக்கு நான் மனு போடுகிறேன்.

நாகலூர்:

அனுமதி வந்ததும் சொல்லுங்கள், நானே வருகிறேன். நீங்கள் போன வழியாக மேலிருந்து இறங்க வேண்டாம், நடுவில் பாறை விளிம்பு இருக்கிறது. கீழிருந்து ஓடை வழியாக ஏறுவோம். கயிறு எடுத்து வாருங்கள்.