வார்டு நர்ஸ்ல இருந்து போடாக்ஸ், ஃபில்லர் பக்கம் போகலாமா? யூகே-ல இருக்கவங்க சொல்லுங்க

லெஸ்டர்_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல பிஎஸ்சி நர்சிங் முடிச்சுட்டு 2022-ல ஆஸ்கி (இங்க நர்ஸா பதியறதுக்கான செய்முறைத் தேர்வு) பாஸ் பண்ணி இங்க ஒரு சர்ஜிகல் வார்டுல பேண்ட் 5-ஆ (ஆரம்பநிலை நர்ஸ் கிரேடு) இருக்கேன். மாசத்துல பாதி நாள் நைட்டு, பையன் ஸ்கூலுக்கு கிளம்புற நேரத்துக்கு நான் வீட்டுக்கு வர்றேன், இடுப்பு வலி வேற. கூட வேலை பாத்த பொண்ணு ஒருத்தி ஏஸ்தெடிக் கிளினிக் (போடாக்ஸ், ஃபில்லர்னு முகத்துக்கு அழகுக்காக ஊசி போடுற இடம்) போய்ட்டா, அதுல இருந்து எனக்கும் அதே நெனப்பு. சும்மா ஆசைப்பட்டு கேக்கல, காயம், தழும்பு, தோல் இதெல்லாம் எனக்கு படிக்கிற காலத்துல இருந்தே பிடிச்ச விஷயம். ஃபோன திறந்தா ஒரே கோர்ஸ் விளம்பரமா வருது, காலைல தியரி மதியம் மாடல் மேல ஊசி சாயங்காலம் சர்டிஃபிகேட்னு. ஒரு நாள் கோர்ஸ் போதுமா? வி300 (நர்ஸே மருந்து எழுதித்தர்றதுக்கான படிப்பு) கண்டிப்பா வேணுமா? ஸ்பான்சர் விசால இருந்துகிட்டே லீவு நாள்ல பண்ணலாமா? வீட்டுக்காரர் "ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு பார்லர் வேலைக்கா போற"னு கேக்குறார், அவருக்கும் பதில் சொல்லணும்.

கோவை_கார்த்தி:
விசா பத்தி மட்டும் சொல்றேன்ங்க. ஹெல்த் அண்ட் கேர் விசால இருந்துகிட்டு இன்னொரு இடத்துல வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் வேலை பாக்கலாம், ஆனா அது தகுதி உள்ள வேலையா இருக்கணும், சம்பளத்துக்கு எம்ப்ளாயியா இருக்கணும். சலூன்ல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து நாமளே ஊசி போடுறது சொந்தத் தொழில் கணக்குல வந்துடும், அதுக்கு அனுமதி இல்ல. ஐஎல்ஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) கைக்கு வர்ற வரைக்கும் தனியா கிளினிக் பக்கமே போகாதீங்க. கிளினிக்ல பார்ட் டைம் எடுத்தாலும் உங்க டிரஸ்ட்டுக்கு (ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு) முன்னாடியே எழுதிக் குடுத்துருங்க, சொல்லாம போய் மாட்டிகிட்டவங்கள எனக்குத் தெரியும்.

ஊசிக்கார_அக்கா:
தங்கச்சி, நான் 11 வருஷம் ஏ அண்ட் இ-ல (எமர்ஜென்சில) இருந்துட்டு இப்ப 6 வருஷமா இதுலதான் இருக்கேன். ஒரு நாள் கோர்ஸ் பத்தி முதல்ல சொல்லிடறேன். ஊசி குத்த உங்களுக்கு யாரும் கத்துத்தர வேணாம், அது உங்களுக்கு கண்ண மூடிகிட்டு வரும். குத்தினதுக்கு அப்புறம் தப்பா போனா என்ன செய்யறதுன்னு ஒரே நாள்ல யாராலயும் கத்துக்க முடியாது.

போடாக்ஸ் (சுருக்கத்துக்குப் போடுற ஊசி) இங்க பிரிஸ்கிரிப்ஷன் மருந்து. அதனால வி300 இல்லாத நர்ஸ் போடணும்னா ஒரு பிரிஸ்க்ரைபர் அந்த பேஷண்ட நேர்ல பாத்து எழுதித்தரணும். முன்னாடி வீடியோ கால்ல ரெண்டு நிமிஷம் பேசி எழுதிக்குடுத்துகிட்டு இருந்தாங்க, 2025 ஜூன் 1-ல இருந்து நர்ஸ் பிரிஸ்க்ரைபர்களும் நேர்லதான் பாக்கணும்னு என்எம்சி (நர்ஸ்களப் பதியற கவுன்சில்) மாத்திடுச்சு (டாக்டர்களுக்கு அந்த ரூல் 2012-லயே வந்தாச்சு). ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தர் கைய எதிர்பாத்து நிக்கணும்னா தொழில் நடக்காது, அதான் வி300 வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. ரிஜிஸ்டர் ஆகி 1 வருஷம் ஆனா அப்ளை பண்ணலாம், ஆனா மேற்பார்வைக்கு ஒரு பிரிஸ்க்ரைபர் சம்மதிக்கணும், பிராக்டிஸ் பண்ண ஒரு இடமும் வேணும். அதுதான் நிறைய பேருக்கு முட்டுக்கட்டை.

ஃபில்லர் கத வேற. உதடு, கன்னத்த நிரப்புற ஜெல் அது, பிரிஸ்கிரிப்ஷன் மருந்துல சேராது. அதனால இங்கிலாந்துல நர்ஸ் டாக்டர்னு இல்ல, யார் வேணா போட்டுடலாம்ங்கற நெலம. 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு அழகுக்காக போடக்கூடாதுன்னு 2021 அக்டோபர்ல சட்டம் வந்துச்சு, லைசென்ஸ் முறை கொண்டுவர 2022 சட்டத்துல அரசுக்கு அதிகாரமும் குடுத்தாச்சு, அவ்ளோதான். ஆனா ரெண்டுல ஆபத்து அதிகம் ஃபில்லர்லதான். ரத்தக்குழாய்க்குள்ள போய் அடைச்சுட்டா தோல் அழுகிப்போகும், மூக்கு, புருவத்துக்கு நடுவுல போட்டு கண் பார்வை போனவங்க இருக்காங்க.

எனக்கே ஒரு தடவை நடந்துச்சு. உதட்டுக்கு போட்டுட்டு இருக்கேன், மேலுதட்டுல இருந்து மூக்கு ஓரம் வரைக்கும் வெள்ளையா ஆகுது, அந்த அம்மா வலிக்குதுன்னு கூட சொல்லல ஏன்னா ஃபில்லர்லயே மரத்துப்போக வைக்கிற லிடோகெய்ன் கலந்துருக்கு. விரலால அமுக்கி விட்டா ரத்தம் திரும்ப வர்றதுக்கு நாலு செகண்டுக்கு மேல ஆச்சு. உடனே நிறுத்திட்டு ஹயலுரோனிடேஸ் (ஃபில்லர கரைக்கிற மருந்து) போட்டேன், அமுக்கித் தேய்ச்சேன், திரும்ப பாத்தேன், திரும்ப போட்டேன், ராத்திரி 9 மணி வரைக்கும் அவங்கள வீட்டுக்கு அனுப்பல. நல்லபடியா சரியாச்சு. இதுல ஒண்ணு கவனிங்க, அந்த ஹயலுரோனிடேஸும் பிரிஸ்கிரிப்ஷன் மருந்துதான், அதுக்கு அலர்ஜி வந்தா அட்ரினலின் கையில இருக்கணும். நான் பிரிஸ்க்ரைபரா இல்லாம இருந்தா அன்னைக்கு யாருக்கு ஃபோன் போட்டுகிட்டு நின்னுருப்பேன்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

இதையே வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க. பார்லர்ல இந்த வேலையப் பண்ணக்கூடாதுங்கறதுக்காகத்தான் நர்ஸ் தேவைப்படுறா.

மத்தது சுருக்கமா. என்எச்எஸ் இன்டெம்னிட்டி (அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு கெடைக்கிற இழப்பீட்டுப் பாதுகாப்பு) இதுக்கு செல்லாது, தனியா இன்ஷூரன்ஸ் வேணும். போடாக்ஸ்னு பேர் போட்டு பொதுமக்களுக்கு விளம்பரம் பண்ணக்கூடாது, இன்ஸ்டாவும் அதுல சேத்தி. ரீவேலிடேஷனுக்கு (நர்ஸ் பதிவ புதுப்பிக்கிறதுக்கு) 3 வருஷத்துல 450 மணி நேரம் நர்ஸா வேலை பாத்த கணக்கு காட்டணும், அதனால வார்ட ஒரேடியா விடாம பேங்க் ஷிஃப்ட் (தேவைப்படுறப்ப மட்டும் எடுக்குற ட்யூட்டி) கொஞ்சம் வச்சுக்கோங்க. அப்புறம், வேணாம்னு திருப்பி அனுப்பவும் தெரியணும். 22 வயசுப் பொண்ணு பிரேக்கப் ஆன மறுநாள் வந்து முகத்தையே மாத்தணும்னு உக்காந்தா பேசி அனுப்பி வைக்கணும், அன்னைக்கு வருமானம் போனா போகட்டும்.

லெஸ்டர்_செல்வி:
அக்கா இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், நீங்க வெள்ளையா ஆகுறத பாத்தேன்னு சொன்னீங்க, நம்ம மாதிரி கலர்ல இருக்கவங்களுக்கு அது தெரியுமா?

ஹாரோ_மாலா:
நல்ல கேள்வி செல்வி, இத இஞ்ச கன கோர்ஸில ஒழுங்கா சொல்லிக்குடுக்கிறதே இல்ல. எங்கட தோலில அந்த வெளிறல் சட்டெண்டு தெரியாது, அதால அமுக்கிப் பாக்கோணும், உதட்டின்ர உள்பக்கத்தையும் பிரட்டிப் பாக்கோணும், நல்ல வெளிச்சம் வேணும். நான் லேசர் கிளினிக்கில வேலை செய்யிறன், எங்கட தமிழ்ப் பொம்பிளையள் நிறைய வருகினம். மெலனின் கூடின தோலில அலெக்ஸாண்ட்ரைட் 755 லேசர அடிச்சா மேல்தோலே சூட்டை இழுத்துப்போடும், சுடும், பிறகு கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில நிக்கும். என்டி யாக் 1064 லேசர் ஆழமாப் போறதால எங்களுக்கு அதுதான் பாதுகாப்பு கூட, அதுக்கும் முதல்ல பேட்ச் டெஸ்ட் வேணும். இன்னொண்டு, வெள்ளையாக்கிற கிரீம் ஏதும் பூசுறீங்களோ எண்டு கட்டாயம் கேக்கோணும். கடையில ஸ்டீராய்ட் கலந்தத வாங்கிப் பூசிப்போட்டு வெக்கத்தில சொல்லமாட்டினம். எங்கட மொழியில ஆறுதலா கேட்டால் சொல்லுவினம். உங்களப் போல ஆக்கள் இந்தத் துறைக்கு வரத்தான் வேணும்.

ஊசிக்கார_அக்கா:
மாலா சொன்னது நூத்துக்கு நூறு. செல்வி, நேரா கிளினிக்குக்கு தாவாம டெர்மடாலஜி அவுட்பேஷண்ட் இல்லனா டிஷ்யூ வயபிலிட்டி (ஆறாத காயம், படுக்கைப்புண் பாக்குற) டீம்ல இடம் கெடைக்குதான்னு பாருங்க. நைட்டும் பெரும்பாலும் இருக்காது, அங்க பிரிஸ்க்ரைபிங் வேலைக்கே தேவைப்பட்டா வி300 செலவ டிரஸ்ட்டே ஏத்துக்கவும் வாய்ப்பு இருக்கு.

லெஸ்டர்_செல்வி:
எங்க டிரஸ்ட்லயே டெர்மடாலஜி கிளினிக்ல ஒரு பேண்ட் 5 வேகன்சி கெடக்கு அக்கா, இப்பதான் பாத்தேன், ஞாயித்துக்கிழமை கடைசி நாள். இன்னைக்கு நைட் ட்யூட்டி முடிச்சு வந்து தூங்கி எழுந்ததும் ஃபார்ம் எழுதிடறேன். சப்போர்ட்டிங் ஸ்டேட்மென்ட்ட ஒரு தடவ பாத்து சொல்றீங்களா?

ஊசிக்கார_அக்கா:
அனுப்பு மா. வார்டுல நீ பாத்த காயம், டிரெஸ்ஸிங் எல்லாத்தையும் விவரமா எழுது.