வேலிக்குப் பணம் கேட்கும் முன் பொழியோரத்துக் குருணை மருந்தை எடுங்கள்

சங்கத்துப் பெரியவர்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கமுங்க.

கோயில் காட்டில் நம் சங்கம் வைத்த முருங்கையைப் பெரியப்பா வீட்டு வெள்ளாடுகள் கடிக்கின்றன என்று, காட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட ஆளுக்கு 15,000 ரூபாய் என்று துபாய் மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். பலரும் சரி சொல்லிவிட்டீர்கள். நான் சொல்லவில்லை. நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்த என் சின்ன அத்தை அங்கே பார்த்ததுதான் காரணம். கிழக்காலத் தோட்டத்துப் பொழியோரம் (வரப்போரம்) கொட்டாங்குச்சிகளில் சோறு வைத்து, அதில் பூச்சிக்கொல்லிக் குருணை மருந்தைக் கலந்திருக்கிறார்கள். பெரியப்பா வீட்டு வெள்ளாடுகளுக்காக வைத்தது. வைத்தவர் யாரென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அந்தச் சோற்றை ஆடு மட்டுமா தின்னும்? நாய் தின்னும், மயில் தின்னும். மயில் செத்தால் வனத்துறை வந்து நிற்கும். ஆட்டை மருந்து வைத்துக் கொன்றாலே பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. கோயில் காட்டில் சங்கத்தின் பெயரில் முருங்கை வைத்துவிட்டு, அதே காட்டில் இந்த வேலையா?

'ஆட்டைப் பிடித்துக் கட்டிப் போடுங்கள், நஷ்டத்தைக் கொடுத்துவிட்டு அவிழ்த்துப் போகட்டும்' என்று மெல்பர்ன் அண்ணன் எழுதியிருந்தார். அப்படி நம் கட்டுத்தறியில் வைத்துக்கொள்ள முடியாதுங்க அண்ணா. 1871-ஆம் வருடத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் பயிரைத் தின்னும் ஆட்டைப் பிடிக்க விடுகிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் தொண்டுப்பட்டிக்கு, அதாவது பிடிபட்ட கால்நடைகளை அடைக்கும் பொதுப் பட்டிக்கு, அனுப்பியாக வேண்டும். அபராதமும் தீனிச் செலவும் அங்கேதான் கட்டுவார்கள். நம் பக்கத்தில் தொண்டுப்பட்டி இருந்த இடத்தில் இன்றைக்குச் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. முதலில் ஊராட்சியில் போய்க் கேளுங்கள்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். ஆடு ஏன் வருகிறது? நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தப் பொழியில் ஆள் உயரத்துக்குக் கிளுவை உயிர்வேலி நின்றது. கொறங்காட்டில் (வேலி அடைத்த மேய்ச்சல் காட்டில்) செம்மறியை உள்ளே விட்டு, கடவுப்படலைச் சாத்திவிட்டு, பெரியப்பா தாராபுரம் சந்தைக்கே போய் வருவார். ஒரு குட்டி வெளியே வராது. கும்பாபிஷேகத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று பொக்லைன் விட்டு அந்த வேலியைப் பிடுங்கியது நம் சங்கம். திரும்ப வைத்துத் தருவதாகச் சொன்னதும் நம் சங்கம். வைத்தோமா?

பெரியப்பாவுக்கும் முன்போல உடம்பு இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறான். செம்மறியை விற்றுவிட்டு, கைச்செலவுக்கு ஆகுமென்று வெள்ளாடு பிடித்திருக்கிறார். செம்மறி குனிந்து கொழுக்கட்டைப் புல்லைக் கடிக்கும். வெள்ளாடு முன்காலைத் தூக்கி மரத்தில் வைத்து நிற்கும். எதிரே இளம் முருங்கை, நடுவே வேலி இல்லை. அவர் பேரிலும் தப்பு இருக்கிறது. ஆடு ஓடாமல் கழுத்தில் தொண்டுக்கட்டை கட்டச் சொல்லி இரண்டு முறை ஆள் போயும் கேட்கவில்லை. அதை நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். அவர் கிணற்றுத் தண்ணீர் எந்த வருடம் யார் தோட்டத்துக்குப் பாய்ந்தது என்று அண்ணனுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் கிளுவம்போத்து (கிளுவைக் கிளை) வெட்டி நெருக்கமாக ஊன்றினால் இரண்டு மூன்று வருடத்தில் அடைந்துவிடும். அதுவரைக்கும் முள் அடைத்துக்கொள்ளலாம். ஆள்கூலியும் முள் வண்டிக் கூலியும்தான் செலவு. அதற்கு என் பங்கை இன்றைக்கே அனுப்புகிறேன். கம்பிவேலிக்கு ஒரு ரூபாய் தரமாட்டேன்.

மேக்காட்டுத் தோட்டத்திலிருந்து,
இப்போது டொராண்டோ

———

டொராண்டோ தங்கச்சிக்கு,

மருந்து விஷயத்தில் நீ சொல்வது சரி. நேற்று ராத்திரியே ஊருக்குப் போன் போட்டேன். கொட்டாங்குச்சிகளை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்களாம். குழிமேல் கல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கிளுவைக்கும் பணம் பணம்தானே அம்மணி. கும்பாபிஷேகக் கணக்கில் 'வேலி திரும்ப வைக்க' என்று 40,000 தனியாக ஒதுக்கி எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு இணைத்திருக்கிறேன். அந்தப் பணம் எங்கே? பந்தல்காரருக்குப் போனது என்று ஒருவர் சொல்கிறார், மைக் செட்டுக்குப் போனது என்று இன்னொருவர். கும்பாபிஷேக அழைப்புப் பத்திரிகையில் என் அப்பாரு பெயரைக் கடைசியில் போட்டதைக்கூட நான் விட்டுவிட்டேன். இதை விடமாட்டேன். அப்போது பொருளாளராக இருந்த மாப்பிள்ளை ரசீதுகளை இங்கேயே போடட்டும். அது வரும்வரை கம்பிக்கும் கிளுவைக்கும் யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து