குரோமியம் கலந்த கிணறு: பாக்டீரியா முறை தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ராணிப்பேட்டை பக்கம் சித்தப்பாவுக்கு நிலம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்தால் மஞ்சளாகத் தெரிகிறது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது; பரிசோதனையில் அதைவிடப் பல மடங்கு வந்திருக்கிறது. மனசே ஆறவில்லை.

சர்க்கரை ஆலை மொலாசஸை (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) நிலத்தடியில் செலுத்தினால், மண்ணிலுள்ள பாக்டீரியா அதைத் தின்று பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். நச்சான ஆறாம் நிலை குரோமியம், எளிதில் கரையாத மூன்றாம் நிலையாக மாறி மண்ணிலேயே படிந்துவிடும் என்று படித்தேன். ஆனால் எங்கள் பக்கம் அடியில் கடும்பாறை. தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடுகிறது, மொலாசஸ் எல்லா இடத்துக்கும் போய்ச் சேருமா? ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்து வந்து வேறு தொல்லை தருமா?

இந்த வேலையை நேரில் செய்தவர்கள், நிலத்தடி நீர்த் துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அனுமதிக்கு யாரை அணுகணும் என்பதையும் சொன்னால் பெரிய உதவி.