பார்க்கா, அனோரக்: உங்களை இடறவைத்த சொல் எது?

முதல் பதிவு:
பார்க்கா என்ற, தலைமூடி வைத்த குளிர்கால மேலங்கியை எல்லோரும் அறிவோம் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆடை வரலாற்றுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தபோது, பார்க்கா என்பது கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா பகுதிகளில் வாழும் இனுயிட் மக்களின் சொல் என்று ஓர் அடிக்குறிப்பை நானாகவே சேர்த்துவிட்டேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'நெனெட்ஸ்' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். அகராதிகளைப் புரட்டிய பிறகுதான், ரஷ்யாவின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் நெனெட்ஸ் மக்களின் மொழியில் விலங்குத் தோலைக் குறித்த சொல், ரஷ்ய மொழிக்குள் புகுந்து, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவு மக்களின் பேச்சில் கலந்து, பிறகு ஆங்கிலத்தில் நிலைத்தது எனத் தெரிந்தது. அதே பிழையோடு என் வேறொரு கட்டுரை முன்பே அச்சேறியிருந்ததை அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

இரண்டாம் பதிவு:
எனக்கு வாய்த்தது அனோரக், அதுவும் தலைமூடி வைத்த மேலங்கிதான். பிரிட்டனில் வேலை பார்த்தபோது, ரயில் சமிக்ஞைகளைப் பற்றி உணவு இடைவேளை முழுவதும் நான் பேசித் தீர்த்ததும், எதிரே இருந்தவர் "நீங்கள் சரியான அனோரக்" என்றார். நான் குனிந்து என் பருத்திச் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். நடைமேடையில் அந்த அங்கியோடு நின்று ரயில் எண்களைக் குறித்துக்கொள்வோரைக் கேலி செய்யப் பிறந்த வழக்கு அது என்பதை அன்று மாலைதான் அறிந்தேன். பார்க்கா என்றாலும் அனோரக் என்றாலும் அங்கி ஒன்றுதானே, பெயருக்கு ஏன் இத்தனை பாடு?

மூன்றாம் பதிவு:
ஒன்றல்ல. பழைய அனோரக்கில் முன்பக்கத் திறப்பு கிடையாது, தலை வழியாகவே மாட்ட வேண்டும். அது தெரியாமல் மின்தூக்கிக்குள் கழற்ற முயன்று, கைகள் மேலே சிக்கிய நிலையில் மூன்று மாடிகளைக் கடந்தவன் நான். முதல் பதிவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இனுயிட் சொல் வேண்டுமென்றால் அனோரக்கைத்தான் பிடித்திருக்க வேண்டும், ஏனெனில் அது கிரீன்லாந்து மொழியின் 'அன்னொராக்'கிலிருந்து வந்தது. இனி மொழிபெயர்ப்போர், ஒரு சொல் கடைசியாக எந்த மொழி வழியாக வந்தது என்பதையும் முதலில் எங்கே பிறந்தது என்பதையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பார்க்காவையும் அனோரக்கையும் 'குளிரங்கி' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால், குழந்தையை முதுகுப் பையில் சுமக்க இனுயிட் தாய்மார் அணியும் 'அமாவுட்டி' வரும்போது என்ன எழுதுவீர்கள்?

முதல் பதிவர்:
அறிவுரை கேட்கவில்லை, ஐயா. ஆனால் அமாவுட்டியைக் குறித்துக்கொண்டேன்.